அந்தப் புதன்கிழமை கம்பெனி ஊரில் இல்லை

என் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஓர் எண்ணெய்க் கம்பெனி இருக்கிறது. கம்பெனி என்றால் ஒரே ஓர் ஆள். அவருக்கு அப்பா அம்மா ஆசையாய் வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. "கம்பெனி வந்தாச்சா?", "கம்பெனிக்கு ரெண்டு நாளா இருமல்", "கம்பெனி குடையை மறந்துட்டுப் போகுது பாரு" என்றுதான் பேச்சு. என்னை ஜெராக்ஸ் என்பார்கள். கீழே ஜெராக்ஸ், மேலே கம்பெனி. இந்தக் கட்டடத்தில் இப்போது மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. கம்பெனி வந்த புதிதில் மாடிப்படி நாள் முழுக்கத் தடதடவென்று அதிரும். வெளிநாட்டு எஞ்சினியர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், டிரைவர்கள், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று ஒரே கூட்டம். நம் கடலில் எண்ணெய் தேடுவதற்கு அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இவர் அதற்கு முன் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் குமாஸ்தாவாக இருந்தவர். துளையிடும் இரும்பும் குழாயும் கப்பலில் வந்து இறங்கும்போது சுங்கத்தில் நின்று எடுத்துவர அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். நன்றாகத் தேய்த்த சட்டை, வலது பையில் இரண்டு பேனா, யாரைப் பார்த்தாலும் ஒரு சின்னத் தலையசைப்பு. கத்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் பங்குக்கும் நான் கத்திவிடுவதால் கட்டடம் சமநிலையில் இருந்தது.

அந்த ஒப்பந்தத்தை நான் பலமுறை ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். நாலைந்து தாள் இருக்கும் என்று பார்த்தால் தலையணை தடிமனில் கொண்டுவந்து வைத்தார்கள். மிஷின் ஓடுகிற நேரத்தில் வேறு என்ன செய்வது, படித்தேன். கம்பெனி மூன்று கிணறு தோண்டியே ஆகவேண்டும். தோண்டி எடுத்த கல்லிலும் மண்ணிலும் பாதியை அரசுக்குக் கொடுக்கவேண்டும். உள்ளூர் ஆட்களை வேலைக்கு வைக்கவேண்டும், அவர்களுக்கும் அவர்கள் கணவன் மனைவிக்கும் மருத்துவக் காப்பீடு கட்டவேண்டும். போகும்போது கடலை வந்தபோது இருந்த மாதிரி சுத்தமாக விட்டுப் போகவேண்டும். வீடு வாடகைக்கு விடுகிற பெண்மணிகூட இத்தனை நிபந்தனை போடமாட்டாள் என்று சொல்லிச் சிரித்தேன்.

அதில் ஒன்றைப் படித்தபோது மட்டும் அது இவர் தலையில் வந்து விடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை கம்பெனி இந்த ஊரில் ஓர் அலுவலகம் திறந்து வைத்திருக்கவேண்டும். அரசாங்கம் அனுப்பும் கடிதங்களைக் கையில் வாங்க ஒரு பிரதிநிதி அங்கே இருக்கவேண்டும். நாற்காலி காலியாக இருந்தால் அதுவே ஒப்பந்த மீறல்.

கடலில் இரண்டு கிணறு தோண்டினார்கள். இரண்டிலும் உப்புத் தண்ணீர்தான். மூன்றாவதைத் தோண்டுவது வீண் என்றது கம்பெனி. மூன்று என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய், தோண்டு, இல்லையென்றால் ஒப்பந்தத்தை முடித்து நஷ்டஈடு வாங்குவேன் என்றது அரசாங்கம். இந்த இழுபறியில் எஞ்சினியர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். பிரதிநிதிப் பதவி மேலே இருந்து கீழே உருண்டுகொண்டே வந்தது. மேனேஜரிடமிருந்து கணக்காளருக்கு, கணக்காளரிடமிருந்து இவருக்கு. இவருக்குக் கீழே யாரும் இல்லாததால் அங்கேயே நின்றுவிட்டது. கடைசியாகப் போன மேனேஜர் இவர் தோளைத் தட்டி, வேலை ரொம்பச் சுலபம், இந்த அறையில் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். நல்லா இருப்பார்.

அந்த அறையை நீங்கள் பார்க்கவேண்டும். நாற்காலிகள் எல்லாம் பழைய துணி போர்த்திச் சுவரோரம் வரிசையாக நிற்கும். சுவரில் கடலின் வரைபடம், அதில் இரண்டு சிவப்புப் புள்ளி, தோண்டாத கிணற்றுக்குப் பென்சிலில் ஒரு வட்டம். இவர் மேஜைமேல் மைப்பெட்டியும் தேதி முத்திரையும். தினமும் காலையில் வந்து உட்கார்ந்ததும் முத்திரையில் தேதியைத் திருப்பி வைப்பார். எதன்மேல் குத்த? ஒரு தாளும் வராது. மை காய்ந்துவிடக் கூடாதென்று இரண்டு சொட்டு ஊற்றுவார். அப்புறம் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பார். மத்தியானம் நான் டீ கொண்டுபோனால் எழுந்து நின்று வாங்கிக்கொள்வார். அந்த ஒரு டீ நேரம்தான் அவர் பேசுகிற நேரம். எனக்கும் அதேதான். என்னைக் கட்டியவன் கம்பி நீட்டி வருஷக்கணக்காகிறது. அதற்குப் பிறகு என்னிடம் பேசுகிறவர்கள் எல்லாம் "ரெண்டு பக்கமும் போடணும்", "கொஞ்சம் கருப்பா வரணும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அவர் மனைவி அவரோடு இல்லை. அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள் மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும். அந்த வசதி மகள் இருக்கிற ஊர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகிற தூரம். அதனால் அங்கேயே மகளோடு தங்கிவிட்டார். இவர் மாதம் ஒருமுறை சனிக்கிழமை கிளம்பி, ஞாயிறு பார்த்துவிட்டு, திங்கள் காலை ரயிலடியிலிருந்து நேராக ஆபீஸ் வருவார். தாடிகூட மழிக்காமல், கையில் பையோடு வந்து தேதியைத் திருப்புவார்.

"வேலையைத் தூக்கிப் போட்டுட்டுப் போய்ச் சேருங்க சார்" என்று நான் திட்டாத நாளில்லை. ஆனால் முடிச்சு அங்கேதான் இருந்தது. மிஷின் செலவெல்லாம் கம்பெனிக் காப்பீட்டில் நடந்தது. இவராக வேலையை விட்டால் அன்றோடு காப்பீடு போச்சு. ஒப்பந்தமே முடிந்து கம்பெனி கடையைக் கட்டினால் மட்டும், உள்ளூர் ஊழியர்களுக்கு மேலும் இரண்டு வருஷம் காப்பீடு தொடரவேண்டும். அதுவும் அந்தத் தலையணையிலேயே இருக்கிறது, நானே காட்டியிருக்கிறேன். ஆக, மனைவி உயிரோடு இருக்க இவர் மனைவியை விட்டுத் தள்ளி இருக்கவேண்டும். ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதத்தை அரசாங்கம் அதற்கென்று குறித்த கெடுவுக்குள் இவர் கையில் கொடுத்தால்தான் விடுதலை. மாடிப்படியில் யாராவது ஏறினால் அவர் முதுகு நிமிரும். ஏறுகிறவள் நான் என்று தெரிந்ததும் பழையபடி ஆகிவிடும். எனக்கு அதில் கோபம் இல்லை, வயிற்றெரிச்சல்தான்.

மனைவியோடு போனில் நானும் பேசுவேன். அக்கா என்று கூப்பிடுவேன். என் குணத்துக்குக் கொஞ்சமும் குறையாத வாய். "என் வீட்டுக்காரர் நாற்காலியைக் கட்டிக்கிட்டார், எனக்கு மிஷின் வாய்ச்சுது. ரெண்டு பேருக்கும் நல்ல சம்பந்தம்" என்பார். ஒருநாள் அந்த அக்கா சிரிக்காமல் பேசியதாக இவர் டீ ஆறுகிறவரை சொல்லாமல் வைத்திருந்து சொன்னார்.

"ஒரே ஒரு தடவை, நான் மிஷின்ல இருக்கறப்ப பக்கத்துல வந்து உட்காருங்களேன்னு கேட்டா. மத்தவங்களுக்கெல்லாம் யாராவது வந்து உட்கார்றாங்களாம்."

மகளுக்கு வேலைநாள். இவர் போவதோ ஞாயிறு. மிஷின் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட மிஷின் பக்கத்தில் இவர் உட்கார்ந்ததில்லை. நான் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு, இந்தப் புதன்கிழமை போய்த் தொலையுங்கள், உங்கள் நாற்காலியில் நான் உட்காருகிறேன், எவன் வந்து தூக்கிக்கொண்டு போகிறான் பார்க்கலாம் என்றேன். அவர் இரண்டு நாள் யோசித்தார். முத்திரையை எப்படித் திருப்புவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார், ஏதோ ராக்கெட் விடுகிற மாதிரி. செவ்வாய் சாயங்காலம் ரயில் ஏறினார்.

புதன்கிழமை கடை வாசலில் "மேலே இருக்கிறேன்" என்று எழுதி ஒட்டிவிட்டு மாடி ஏறினேன். பதினோரு மணிக்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. தெருச் சத்தம் அந்த அறைக்குள் வருவதில்லை. துணி போர்த்திய நாற்காலிகள் எல்லாம் என்னையே பார்த்த மாதிரி இருந்தது. ஒரு மனிதன் இதில் எப்படி வருஷக்கணக்கில் உட்கார்ந்தான்? அழுகை வந்தது. யாரும் இல்லாததால் நன்றாக அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மைப்பெட்டியில் இரண்டு சொட்டு ஊற்றினேன்.

மூன்று மணிக்குமேல் படியில் சத்தம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். பெட்ரோலியத் துறை பியூன். கையில் அரசாங்க முத்திரை வைத்த உறை. முடிவுக் கடிதம்! கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அனுப்பியிருக்கிறார்கள். அரசாங்கம் என்றைக்கு முன்கூட்டி அனுப்பியிருக்கிறது? அவர் நீட்டிய புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்தக் கட்டடத்துக்கு வரும் பார்சல் எல்லாவற்றுக்கும் நான் எப்படிப் போடுவேனோ அப்படியே போட்டேன். என் பெயர், அதன்கீழ் "ஜெராக்ஸ் கடை, கீழ்த்தளம்". பெருமையாக முத்திரையும் குத்தினேன்.

பியூன் போனதும் இவருக்குப் போன் போட்டேன், நெடுநேரம் கிடைக்கவில்லை. நாலரைக்குக் கிடைத்தது. "வந்துடுச்சு சார்" என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அந்தப் பக்கம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அவர் மனைவியிடம் சொல்வதும், அக்கா, "அப்ப வந்துடுவீங்களா?" என்று கேட்பதும் கேட்டது. வந்துடுவேன் என்று இவர் சொன்னார். இவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து கடிதத்தைக் கையில் வாங்கினார். முறைப்படி தலைமை அலுவலகத்துக்கும் சொன்னார். அடுத்த வாரமே கம்பெனியின் வக்கீல் ஒருவர் விமானத்தில் வந்து இறங்கினார். கோட்டும் வாசனையுமாக ஆள் பளபளவென்று இருந்தார். துறைப் புத்தகத்தின் நகலைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்துபோயிற்று. கடிதத்தைப் பிரதிநிதி கையில் கொடுக்கவேண்டும், இதை வாங்கியது யாரோ ஒரு ஜெராக்ஸ்காரி, அதனால் கடிதம் வந்ததாகவே கணக்கில்லை என்றார். மறுநாள் இவர் கையில் அதைக் கொடுத்தது நான்தான், துறை ஆள் இல்லை, அதனால் அதுவும் செல்லாது. இப்போது கெடு தாண்டிவிட்டதால் அரசாங்கம் வேறு கடிதமும் அனுப்ப முடியாது. நாற்காலி காலியாக இருந்ததே என்று அரசாங்கம் கேட்டால்? குடும்பத்தில் நோய் என்றால் ஒருநாள் போகலாம் என்று ஒப்பந்தத்தில் எங்கள் கண்ணில் படாத ஒரு மூலையில் இடம் இருக்கிறதாம்.

"உங்க மனைவியோட சிகிச்சை நமக்கு ரொம்ப நல்ல காரணம்" என்றார் கோட்டு.

இவர் தலையசைத்தார். எனக்குத்தான் அந்த மைப்பெட்டியை எடுத்து கோட்டின்மேல் கவிழ்க்கலாமா என்றிருந்தது.

இத்தனை வருஷம் இவர் இருந்து கம்பெனிக்குச் செய்யாத உபகாரத்தை ஒருநாள் இல்லாமல் இருந்து செய்துவிட்டார். ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறதாம். அப்படியானால் அலுவலகமும் இருக்கவேண்டும், பிரதிநிதியும் இருக்கவேண்டும். கடிதம் செல்லும் என்று அரசாங்கமும், செல்லாது என்று கம்பெனியும் நடுவர்களிடம் வழக்குக்குப் போனார்கள். இவர் பழையபடி மாடி ஏறித் தேதியைத் திருப்பினார். தனக்குப் பதிலாக வேறு ஆள் போடும்படி எழுதிக் கேட்டார். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தது.

மழைக்காலத்தில் அக்கா போய்விட்டார். திங்கட்கிழமை, மிஷினுக்குக் கூட்டிப்போகும் வழியிலேயே. இவர் சொந்த வேலை என்று கம்பெனிக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. காரியம் முடித்துத் திரும்பி வந்தவர் படியேறும்போது என் கடையில் நின்று, "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கையிலிருந்த பையை வாங்கி நானே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

மகள் வந்து தங்கிவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கேஸ் முடியட்டும் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கொடுத்த வார்த்தை என்று ஒன்று இருக்கிறதாம். டீ கொண்டுபோனால் எழுந்து வாங்கிக்கொள்வார், அதில் மாற்றமில்லை. ஆனால் படியில் சத்தம் கேட்டால் முதுகு நிமிர்வது நின்றுவிட்டது.

ஒரு பெரிய ஹோட்டலின் கூட்ட அறையில் விசாரணை நடந்தது. மூன்று நடுவர்கள், இரண்டு பக்கமும் வக்கீல்கள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அரசுத் தரப்பு வக்கீல், கடிதத்தை வாங்கிய பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

நான் முதல்நாளே முடிவு பண்ணியிருந்தேன். யாரையும் கேட்கவில்லை, கேட்டால் இந்த மனுஷன் விடமாட்டார். இவர் அன்று சாயங்காலமே திரும்பி வந்து, துறை ஆள் முன்னாலேயே கடிதத்தை வாங்கிக்கொண்டார் என்று நான் சொன்னால் போதும். கடிதம் செல்லும், ஒப்பந்தம் முடியும், அறையைப் பூட்டலாம். மகள் வீட்டில் பேத்தியோடு நாலு வார்த்தை பேசிக்கொண்டு கிடக்கலாம். அவர் போய்விட்டால் மத்தியானம் நான் யாருக்கு டீ போடுவேன் என்பதையும் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"அவர் அன்னிக்கே திரும்பி வந்துட்டார். துறை ஆள் வெயில் தாழட்டும்னு இன்னும் படியிலதான் உட்கார்ந்திருந்தார். நாலரை மணிக்கு அவர் முன்னாடியே இவர் கையில கொடுத்தேன்."

கோட்டுக்காரரின் முகத்தில் பளபளப்பு போன இடம் தெரியவில்லை. பியூன் ஓய்வுபெற்று எங்கேயோ போய்விட்டார் என்பது எனக்குத் தெரியும். அப்புறம் இவரைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா சொல்வது சரிதானா என்று நடுவில் இருந்த நடுவர் கேட்டார். ஒரு தலையசைப்புப் போதும். வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் தலையசைத்த மனிதர்தானே?

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இவங்க என் நல்லதுக்குச் சொல்றாங்க. ஆனா நாலரை மணிக்கு நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். என் மனைவி பக்கத்துல. மிஷின் ஓடிட்டிருந்துச்சு, அவ என் கையைப் பிடிச்சிட்டிருந்தா."

எழுதிக்கொண்டார்கள். கோட்டுக்காரர் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார். உங்கள் மனைவி இப்போது எப்படி இருக்கிறார் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. பொய் சொன்னதற்கு என்னை எச்சரித்து அனுப்பினார்கள். நான் பயப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

திரும்பி வந்து மாடிப்படி அடியில் நின்று அவரை ஒரு பிடி பிடித்தேன். என்ன பெரிய அரிச்சந்திர வேஷம், ஒரு பொய் சொல்லியிருந்தால் உங்கள் சொத்து என்ன குறைந்துவிடும், அந்த அறையிலேயே செத்துப்போவதாக உத்தேசமா என்று கேட்டேன். நான் முடிக்கும்வரை நின்றார்.

"எங்கிட்ட இருக்கறதே அந்த ஒரு நாள்தான். அதையும் ஆபீஸ்ல இருந்தேன்னு எழுதிக் கொடுக்கச் சொல்றீங்களா?"

அப்படிச் சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். நான் ஒரு வாரம் டீ கொண்டுபோகவில்லை. கோபம் என்று அவர் நினைத்திருப்பார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவதென்று தெரியாமல்தான் போகவில்லை.

கடிதம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. மூன்றாவது கிணறு யார் பாடு என்ற பழைய இழுபறி புது வழக்காகத் தொடங்கியது. எத்தனை வருஷம் இழுக்குமோ. ஒருநாள் காலை அவர் ஒரு தாளோடு என் கடைக்கு வந்தார். ஆபீஸுக்கு எது வந்தாலும் ஒரு நகல் எடுத்து வைப்பது அவர் வழக்கம். மிஷினில் வைப்பதற்குமுன் படித்தேன், நான் எதைப் படிக்காமல் விட்டிருக்கிறேன்? தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. அவருடைய நேர்மையான சாட்சியத்துக்குக் கம்பெனி நன்றி சொல்லியிருந்தது. வழக்கு முடியும்வரை அவரே பிரதிநிதியாகத் தொடருவாராம். மருத்துவக் காப்பீடு வழக்கம்போல் அவருக்கும் அவர் மனைவிக்கும் தொடருமாம்.

நான் இரண்டாவது முறை படித்தேன். அவர் இதுவரை அவர்களிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் என் கடை மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா விஷயத்தைச் சொல்லி ஒரு வரி எழுதிப் போட்டுடலாமா சார்?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க. அவங்க கணக்குலயாவது அவ இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நகல் எடுத்துக் கொடுத்தேன். தாளில் சூடு ஆறும்வரை கையில் வைத்திருந்துவிட்டு, மடிக்காமல் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். கொஞ்ச நேரத்தில் மேலே முத்திரை குத்துகிற சத்தம் ஒருமுறை கேட்டது. நான் டீக்கு அடுப்பைப் பற்றவைத்தேன்.